ஆர்லிஸ் தூக்கிய மூட்டை

ஆர்லிஸ் கோடில் வீம்பு பிடித்தவன் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் சொல்வார்கள். நானும்தான் சொன்னேன். கென்டக்கி மலைக்குள் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம், நிமிர முடியாத தாழ்ந்த கூரைக்கடியில், முழங்காலில் ஊர்ந்து அவனோடு கரி வெட்டியவன் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

ஐம்பத்தொரு வயதில் அவன் நெஞ்சு முழுக்கக் கரித்தூசி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். வாசலில் இருப்பது நாலே படி. அதை ஏறவும் நடுவில் ஒருமுறை உட்காருவான். கம்பெனி டாக்டரோ அது சிகரெட் இருமல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆர்லிஸ் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டிருந்தான். அது கிடைக்காவிட்டால் அடமானத்தில் இருந்த வீடு போய், அவன் மனைவி வெர்னா தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மிரியம் என்ற பெண் கேமராவோடு வந்தாள். சுரங்கக்காரர்களைப் பற்றிப் புத்தகம் போடப்போகிறாளாம். நல்லவள். எங்களோடு உட்கார்ந்து பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டாள்.

"எப்பவும் போல இருங்க, அது போதும்" என்றாள் ஆர்லிஸிடம்.

எப்பவும் போல என்றால் நாற்காலியில் சாய்ந்து மூச்சிளைப்பது. முன்னால் கேமராவோடு வந்தவர்கள் எங்களை அப்படித்தான் படம் எடுத்துப்போனார்கள்: பல் போன கிழவி, மூக்கொழுகும் குழந்தை, சரிந்த கூரை. பத்திரிகையில் பார்த்துக் கூசிப்போயிருந்தோம்.

ஆர்லிஸ் குழாயைக் கழற்றி வெர்னா கையில் கொடுத்தான்.

"டேய் ஹோபர்ட், அந்த உருளைக்கிழங்கு மூட்டையத் தூக்கி என் தோள்ல வையிடா."

"செத்துத் தொலையப் போறியா?"

"செத்தாலும் நின்னுக்கிட்டுதான் சாவேன். வைடா."

நானும் என் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வைத்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தான். படம் எடுத்த மறுகணம் முழங்காலில் விழுந்தான். அரை மணி நேரம் இருமினான், கறுப்பாகத் துப்பினான். மிரியம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

புத்தகம் வந்தது. அடுத்த வருஷம் விசாரணை. கம்பெனி வக்கீல் அந்தப் படம் இருந்த பக்கத்தை விரித்து நீதிபதி முன்னால் வைத்தார்.

"இந்த மனுஷனுக்கா மூச்சு முட்டுது?"

நான் எழுந்தேன். "ஐயா, அவன் தூக்கலைங்க. நாங்க ரெண்டு பேரு தூக்கி வெச்சோம். உடனே விழுந்துட்டான்."

நீதிபதி ஆர்லிஸைப் பார்த்தார். "அப்படியா?"

பின்வரிசை முழுக்க எங்கள் ஷிஃப்ட் ஆட்கள். பலத்தில் அவனை ஜெயிக்க முடியாமல் தோற்றவர்கள். வெர்னா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உண்மையச் சொல்லுங்க."

ஆர்லிஸ் மூச்சை இழுத்துக்கொண்டான். "ஹோபர்ட் பொய் சொல்றான். நான்தான் தூக்கினேன்."

அங்கேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. மனு தள்ளுபடியானது. காரில் ஒன்றாகத் திரும்பினோம். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது ஆர்லிஸ் கேட்டான்.

"கோவமாடா?"

"உன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல."

மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாவது வாரம் அவன் போய்விட்டான். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

உடலை அறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் வெர்னாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நுரையீரலைப் பார்த்துவிட்டால், விதவை என்று அவள் புதிதாகப் போடும் நஷ்டஈட்டு மனுவைக் கம்பெனியால் மறுக்க முடியாது. ஆனால் தன்னை யாரும் அறுக்கக் கூடாது என்று சாகும் முன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான் ஆர்லிஸ். அவள் என்னைப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் அவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன் அண்ணே. இனிமே முடியாது."

கையெழுத்துப் போட்டாள். வீடு மிஞ்சியது. அறுத்தெடுத்த நுரையீரலைப் படம் பிடித்து மனுவோடு சேர்த்திருந்தார்கள். வெர்னாவால் பார்க்க முடியவில்லை என்று நான் வாங்கிப் பார்த்தேன். காலமெல்லாம் கரி வெட்டிய என் கண்ணுக்கே அது சதை என்று தெரியவில்லை.