கரடியூரில் திறக்காத கடை

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற ஊரில் எனக்கு மளிகைக் கடை. கரடியூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஜீப்பில் சாமான் அனுப்புவதில்தான் கடையே ஓடிக்கொண்டிருந்தது. எஸ்டேட் வேலை முடிந்து வீடு சேர்ந்த பெண்கள், அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். அந்த நேரமும் அந்தியில் தொழும் மஃரிப் நேரமும் ஒன்றாகவே வரும். நான் போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலில் நிற்பேன். திரும்பி வந்து நான் கூப்பிட்டால் அந்தப் பக்கம் சிக்னல் போயிருக்கும்.

இதற்கு வழி சொன்னவன் என் மனைவியின் தம்பி. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். போனில் திறக்கிற மாதிரி கடைக்கு ஒரு இணையப் பக்கம் செய்துவிட்டால், நான் தொழுகையில் இருந்தாலும் ஆர்டர் வந்து சேர்ந்திருக்கும் என்றான்.

நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரியும்படியே சொன்னான். "இதுல ரெண்டு வகை இருக்குங்க மச்சான். பக்கம் கட்டறதுக்குன்னு ரெடியா இருக்கற சாமான், ஃப்ரேம்வொர்க்னு சொல்லுவோம். ஒண்ணு லேசானது, வேணுங்கறத மட்டும் நாமளே சேத்துக்கணும். பைக்ல மலை ஏறுற மாதிரி. இன்னொண்ணுல எல்லாமே உள்ளயே இருக்கும். ஆனா பக்கம் தொறக்கறதுக்கு முன்னாடி அத்தனையும் போன்ல எறங்கணும்."

"அப்ப அது லாரி."

"லாரியேதானுங்க."

"கரடியூர்ல ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெருசு மாப்ளே. அவங்க போனும் பழைய போன். அரிசி பருப்பு வாங்கறதுக்கு லாரி எதுக்கு? லேசானதே போடு."

"இன்ஷா அல்லாஹ், லேசாவே பண்ணித் தர்றனுங்க."

இறைவன் நாடினால் என்று அல்லாஹ்வின் பெயரைச் சொன்ன பிறகு நான் யாரிடமும் மறு கேள்வி கேட்பதில்லை. வளர்ந்த விதம் அப்படி.

பக்கம் தயாரானதும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடையில் வைத்துத் திறந்தேன். கடை வைஃபையில் பளிச்சென்று வந்தது. எண்ணெய்ப் படத்தைத் தொட்டால் அது ஒரு சுற்றுச் சுற்றித் திரையிலிருந்த பைக்குள் விழுந்தது. மனைவி கைதட்டினாள். இனிமேல் போன் வேண்டாம், இதிலேயே எழுதிவிடுங்கள் என்று கரடியூர் முழுக்கச் சொல்லி அனுப்பினேன். அங்கே போய் ஒரு தரம் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆர்டர் குறைந்தது. மழைக்காலம், எஸ்டேட்டில் வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஜீப்பில் நானே போனேன். எப்போதும் என்னிடம் வாங்கும் அம்மா ஒருவர், வாசலில் வேறொரு கடைப் பையிலிருந்து வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பையை மறைக்கவில்லை.

"ஏனுங்க பாய், உங்க கடைய எப்பத் தொறப்பீங்க? வெள்ளையா வருது, நடுவுல ஒரு வட்டம் சுத்துது. சோறாக்கி எறக்கி வெச்சுட்டு வந்து பாத்தாலும் சுத்திட்டேதான் இருக்குது."

"லேசாத்தானுங்கம்மா செய்யச் சொன்னேன்."

"நொம்ப லேசுங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்களே."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்போதும் மைத்துனன் மேல் சந்தேகம் வரவில்லை. சிக்னலைத்தான் திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வேலைக்காக யாரோ போனில் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுபோன நான் மாடிக் கதவருகில் நின்றேன். இங்கிலீஷும் தமிழுமாகப் பேசினான். பாதி புரியவில்லை. இது புரிந்தது: "சின்னக் கடைதான் சார். லேசானதே போதும்னு நான் சொன்னேன். கிளையன்ட்தான் எல்லாம் இருக்கற பெரிய ஃப்ரேம்வொர்க்தான் வேணும்னு அடம்பிடிச்சுட்டார்."

அந்தக் கிளையன்ட் நான்தான். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

பிறகு கேட்டபோது அவன் மழுப்பவில்லை. "லேசானதுல பண்ணினேன்னா எவனும் இன்டர்வியூக்கே கூப்பிட மாட்டானுங்க மச்சான். எல்லாக் கம்பெனியும் பெருசத்தான் கேக்கறாங்க. செஞ்சு காட்டறதுக்கு எனக்கு நெசமா ஒரு கடை வேணுமில்லீங்களா?"

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே. "தம்பிக்கு வேலை கெடைக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

அவன் செய்தது வலித்தது. அவள் கைதட்டியது நினைவுக்கு வந்தபோது அதைவிட வலித்தது.

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மனைவி சேமியாப் பாயசம் வைத்து, இறைவனிடம் துஆ செய்யச் சொன்னாள் என்னை. கையேந்தினேன். அவனுக்கு ஒரு வழி திறந்து கொடு என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டவன் நான்தான். படைத்த ரப்பு கொடுத்துவிட்டான். கேட்டது கிடைத்தவன் எந்த வாயால் முறையிடுவது? ஆமீன் மட்டும் சொன்னேன்.

இப்போது மஃரிப் நேரத்தில் போனை வைத்துக்கொண்டு மனைவி கடையில் உட்காருகிறாள். கரடியூரில் சில வீடுகள் திரும்பி வந்திருக்கின்றன. அந்த அம்மா இன்னும் கூப்பிடவில்லை.

போன வாரம் அவன் பேசினான். "லீவுக்கு வர்றப்ப லேசானதாவே மாத்தித் தர்றனுங்க மச்சான். இன்ஷா..."

"செய்யறதுன்னா செய் மாப்ளே" என்றேன். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத."