பாட்டில்ல அடைச்ச கொய் மீன்

ஒரு ஆன்லைன் பாடம் உயிரை எடுக்குமா? தம்பி ஏழாம் கிளாஸ் சுற்றுச்சூழல் சைட்டைத் திறந்தான், அதே பழைய டிங் சத்தம். நான் ஏழாவது படிச்சப்போ அந்த சைட்ல, பாட்டில்ல தண்ணி, பாசி, நத்தை போட்டு காத்து புகாம மூடச் சொன்னாங்க. மீன் போட்டா செம மார்க் வரும்னு அப்பா இங்க கல்கத்தா பாலிகஞ்ச் மார்க்கெட்லேருந்து உயிரோட ஒரு கொய் மீன், அதான் தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடுற பனையேறிக் கெண்டை, வாங்கிட்டு வந்தார்.

"சைவ வீட்டுக்குள்ள மீனா?"ன்னாங்க அம்மா.

"சாப்பிடவா போறோம்? படிக்கத்தானே."

மூடின பாட்டிலுக்குள்ள மீன் காத்துக்காகத் திரும்பத் திரும்ப மேல வந்து வாயைப் பிளந்துது. "மூடியைத் திறங்கப்பா"ன்னு அழுதேன்.

"திறந்தா எக்ஸ்பெரிமென்ட் போச்சு. தள்ளு, ஃபோட்டோ எடுக்கணும்."

சாயங்காலம் அது மல்லாந்துடுச்சு. அப்பா காலைல எடுத்த ஃபோட்டோவை அப்லோட் பண்ணார். ஃபுல் மார்க்.

இப்போ தம்பிக்காக மார்க்கெட் போக அப்பா செருப்பு மாட்டிட்டிருக்கார்.