தம்பியின் ராக் குழுவுக்கு நான் மொழிபெயர்த்த பாட்டு

சாங்கி விமான நிலையத்தில் நான் இறங்கியபோது அங்கத்திய நேரம் மாலை நாலரை. 1986, ஆகஸ்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. கைப்பையில் இரண்டு கிலோ பனங்கற்கண்டு இருந்தது. சிங்கப்பூரில் பதினொரு வருஷமாக இருக்கும் என் தம்பி சேவியர் அங்கே மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறான் என்று அம்மா பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். குழுவில் இருக்கும் அத்தனை தொண்டைக்கும் ஆகட்டும் என்று அவள் கொடுத்தனுப்பியதுதான் அந்தக் கற்கண்டு.

தம்பி வரவில்லை. தோள்வரை தலைமுடியும், ஒரு காதில் வளையமுமாக ஒருவன் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் கதிர். சேவியர் ஹால்ல சாமான் இறக்கிட்டு இருக்கான். அதான் நான் வந்துட்டேன்."

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டாக்சியில் ஏறினேன். ஃபேரர் பார்க் வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர், பதினான்கு வெள்ளி இருபது காசு. மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தபோதே பாதி உயிர் போய்விட்டது. மீதியைக் கதிர் எடுத்தான்.

"நீங்களும் பாடகர் குழுவா தம்பி?" என்று கேட்டேன்.

"குழுவா? நான் ட்ரம்ஸ், அக்கா. நம்ம பேண்ட்ல. அவன் சொல்லவே இல்லையா? ஐயோ, செத்தேன் லா."

வழி நெடுக அவன் சொன்ன சரித்திரம் இது. இரண்டு பேரும் பதினாறு வயதில் ஆரம்பித்தார்களாம். ஒத்திகை கதிர் வீட்டில், மூன்றாவது மாடி. அதனால் குழுவின் பெயரே 'மூணாவது மாடி'. அக்கம்பக்கத்தார் இரண்டு தடவை போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நாளில் தலைமுடி நீளமாக இருக்கும் ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் பலகையே வைத்திருந்தார்களாம். தபால்தலை வாங்கப் போனால் அரை நாள் போகும். பிறகு கதிரை ராணுவச் சேவைக்கு அழைத்துத் தலையை மழித்துவிட்டார்கள். இரண்டரை வருஷம் ட்ரம்ஸ் மூலையில் கிடந்தது. அவன் திரும்பியதும் ஒரு ஹோட்டலில் நாலு வருஷம் அடுத்தவர்கள் பாட்டை வாசித்தார்கள். சொந்தப் பாட்டு ஒன்று பாடிய அன்றைக்கே வேலை போயிற்று.

"இப்ப முழுக்க எங்க பாட்டுதான் அக்கா. ஹோட்டல்லயும் கேட்க மாட்டாங்க, ரேடியோலயும் போட மாட்டாங்க. அதுக்குப் பேரு ஆல்டர்னேட்டிவ் ராக்," என்று பெருமையாகச் சொன்னான். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஃபேரர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய ஹாலில் தம்பியைப் பார்த்தேன். பதினாலு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறிய பையன். இப்போது தாடி. கிட்டாரைக் கை மாற்றி, இடவலம் தலைகீழாகப் பிடித்திருந்தான். இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்துட்டான். அதான்," என்று கதிரிடம் விளக்கினேன். கதிர் தம்பியைப் பார்த்தான். தம்பி கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை ஊர் சுற்றினேன். சிராங்கூன் ரோட்டில் மல்லிகைச் சரம் முழம் ஒரு வெள்ளி. ஒரு கேசட் கடையில், பக்திப் பாடல்களுக்கும் சினிமாப் பாடல்களுக்கும் நடுவில் என் தம்பியின் முகம் என்னை முறைத்தது. விலை ஆறு வெள்ளி. கடைக்காரர், "அது சத்தம்மா. உங்களுக்கு ஆவாது," என்று என் கையில் வேறொன்றைத் திணித்தார். கோபம் வந்து தம்பியையே வாங்கினேன்.

வியாழன் காலை பத்து மணிக்குச் சேவியர் ஒரு தாள்கட்டைக் கொண்டு வந்தான். இந்த ஊரில் மேடை ஏறுவதற்கு முன் பாட்டு வரிகளை எல்லாம் அரசாங்க அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தமிழ்ப் பாட்டென்றால் இங்கிலீஷிலும் எழுதித் தர வேண்டும்.

"நாளைக்குக் கடைசி நாள் அக்கா. ஞாயித்துக்கிழமை எங்க பேஸ் கிட்டார் ஆள் ஆஸ்திரேலியா போறான். சனிக்கிழமை விட்டா பேண்டே இல்ல. நீ இங்கிலீஷ் டீச்சர்தானே?"

பதினொரு பாட்டுகள். பத்தைச் சிரித்துக்கொண்டே முடித்தேன். பதினொன்றாவதை எடுத்தேன்.

*கிட்டாரை உடைத்தாய் அப்பா, கூடவே என் விரலையும்.*
*கதவோரம் நின்று அக்கா பார்த்தாள்.*
*ஊர் கேட்டது. சைக்கிள் என்றாள்.*
*எனக்கு ஓட்டத் தெரியாத சைக்கிள்.*

அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது எனக்கும் தெரியும். அன்றைக்கு அப்பா கிட்டாரை ஓங்கியதைப் பார்த்தேன். விரல் முறிந்த சத்தத்தையும் கேட்டேன். அம்மா சொல்லச் சொன்னாள், சொன்னேன். பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்னேன், சாமியாரிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி, முந்தாநாள் கதிரிடம் சொன்னபோது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று என்னையே வெறுத்தேன்.

"வேண்டாம்னா இதை எடுத்துடறேன் அக்கா. பத்து போதும்," என்றான் சேவியர். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுதினேன். ஒரு வார்த்தையையும் மழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகம் போனோம். முகப்பில் இருந்தவர் தமிழர். பத்துத் தாள்களைச் சடசடவென்று புரட்டியவர் பதினொன்றில் நின்றார்.

"இதுல வர்ற அப்பா, அக்கா எல்லாம் நிஜ ஆளுங்களா? நாளைக்கு யாராவது வந்து கம்ப்ளெயின் பண்ணா நாங்கதான் பதில் சொல்லணும்."

"கற்பனைதான் சார்," என்றான் சேவியர், முந்திக்கொண்டு. என்னைக் காப்பாற்ற அவனும் ஒரு சைக்கிளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நான்தான் சார் அந்த அக்கா," என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அப்பா?"

"ஊர்ல இருக்கார்."

"அவர் இல்லைன்னு சொன்னா?"

"நான் பார்த்தேன்னு சொல்வேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கம்மா. மேல கேட்டுப் பார்க்கிறேன்."

போட்டேன். தாள்களோடு உள்ளே போனார். நாற்பது நிமிஷம். சேவியர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மடங்காத விரல்கள் உள்ள அந்தக் கையை என் கைமேல் வைத்திருந்தான். அவர் திரும்பி வந்து பதினொரு தாளிலும் 'சாப்பு' என்று அங்கே சொல்லும் முத்திரையைக் குத்தினார். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு நிகழ்ச்சி. நுழைவு ஐந்து வெள்ளி. பாதி நாற்காலி காலி. அந்தச் சத்தத்தில் என் வயிற்றுக்குள்ளே யாரோ உரலில் இடிப்பதுபோல் இருந்தது. கடைசிப் பாட்டைச் சேவியர் தரையைப் பார்த்தபடி பாடினான். 'அக்கா பார்த்தாள்' என்ற வரியில் மட்டும் நிமிர்ந்தான். பாட்டு முடிந்ததும் பையன்கள் மேடையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷக் குழு அன்றோடு முடிந்தது. பனங்கற்கண்டைக் கதிர்தான் எல்லோருக்கும் பங்கிட்டான்.

திரும்பும் விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த ஊரில் ஒரு பாட்டுப் பாடுவதற்குக்கூட அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் எதையும் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இருந்தும் பதினொரு வருஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய் மாலை பாளையங்கோட்டை. சிங்கப்பூர்ச் சோப்பும் டார்ச் லைட்டும் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அப்பா மூலையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மாமா கேட்டார்: "சேவியருக்கு அந்தச் சைக்கிள்ல விழுந்த கை தேவலையா?"

"அவன் சைக்கிள்ல விழல மாமா," என்றேன்.

அம்மா சட்டென்று எழுந்தாள். "எல்லாருக்கும் காப்பி கொண்டாரேன்."

"இரும்மா," என்றேன். "இன்னும் சொல்லி முடிக்கல."