தாசன் என்ற பெயரில் கிடந்த ஃபைல்

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ரொறன்ரோ நகர நடுவில் உள்ள ஒரு நீதிமன்றத்தில், பழைய ஃபைல்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெற்று இப்போது இரண்டு வருடமாகிறது. சட்டத்தரணிகளின் ஆட்களுக்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிகம் வந்தவர்கள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார முதியவர்கள். பூட்டனின் உயிலில் ஒரு பசு மாட்டின் பெயரைக் கண்டுவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் திருவிழா. எங்கள் தமிழ் ஆட்கள் வருவது அருமை. அகதி வழக்கோடு கோர்ட் வாசலை மறந்துவிட விரும்பியவர்கள் நாங்கள்.

இப்போது இளம் பிள்ளைகள் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பெட்டியைக் குறிப்பது

ஒரு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் வந்து நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் போடும் நீல உடுப்போடு, வேலை முடிந்து அஜக்ஸிலிருந்து ரயிலில் நேரே வந்திருந்தாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"என்ர அப்பாவைத் தேடுறன். அவர் செத்திட்டாரோ, அம்மாவை டிவோர்ஸ் பண்ணிட்டாரோ தெரியாது. ரெண்டில எது எண்டாலும் எனக்கு ஒரு கடதாசி வேணும்."

பெயர் ஜெசிந்தா. யாழ்ப்பாணத்துத் தீவொன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கடைசிப் பிள்ளையான அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது தகப்பன் மரியாம்பிள்ளை சூசைதாசன் கனடாவுக்கு வந்தார். ரொறன்ரோவின் பார்க்டேலில் இருந்து இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு தீவில் சண்டை. தாயும் மூன்று பிள்ளைகளும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். கடிதம் நின்றுவிட்டது. அவருக்கு மொன்றியலில் வேறு குடும்பம் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யார் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. பல வருடங்களின் பின் ஜெசிந்தா கலியாணம் கட்டி இங்கே வந்து, தாயையும் கூப்பிட்டாள். வந்த பிறகும் தாய் பிலோமினா புருசனைத் தேடச் சொல்லவில்லை.

"இப்ப முதியோர் பென்சனுக்குப் போர்ம் நிரப்ப வேணும். கலியாணம் கட்டினவரோ, பிரிஞ்சவரோ, விதவையோ எண்டு பெட்டி பெட்டியாக் கேட்டிருக்கு. அம்மா பேனையைப் பிடிச்சபடி அரை மணித்தியாலம் இருந்தா. பிறகு, 'நீயே பார்த்துக் குறி' எண்டு என்னட்டத் தந்திட்டா. நான் எதை அக்கா குறிக்கிறது?"

விவாகரத்து இன்டெக்ஸ், இறந்தவர்களின் உயில் சொத்து இன்டெக்ஸ் இரண்டையும் தேடினேன். மரியாம்பிள்ளை என்று பார்த்தேன். சூசைதாசன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் பார்த்தேன். தமிழ்ப் பெயர்களில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மற்ற கிளார்க்குகள் தமிழ்ப் பெயர் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள்.

'பதிவு எதுவும் கிடைக்கவில்லை' என்ற கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தமிழில் ஒரு வசனம் கூடச் சொன்னேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லைத் தங்கச்சி."

அவள் கடிதத்தை இரண்டாக மடித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

2. தாஸுக்கு அடுத்த வரி

செப்டம்பரில் ஒரு வங்காளக் குடும்பம் தங்கள் பெரியப்பாவின் உயிலைத் தேடி வந்தது. குடும்பப் பெயர் தாஸ். பழைய வருடங்களின் இன்டெக்ஸ் கணினியில் இல்லை. மைக்ரோஃபிலிம் சுருளை மெஷினில் போட்டு, கையால் சுற்றிச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். ஆங்கில 'டி' (D) எழுத்துக்குப் போனேன். தாஸ் என்று பத்துப் பன்னிரண்டு பேர். கடைசித் தாஸுக்குக் கீழே அடுத்த வரி: தாசன், சூசை. விலாசம் பார்க்டேல்.

சுற்றிய கை அப்படியே நின்றது.

சூசைதாசன் என்ற ஒற்றைப் பெயரை யாரோ ஒரு அதிகாரி, எங்கோ ஒரு மேசையில், இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். சூசை முதற்பெயர், தாசன் குடும்பப் பெயர். தகப்பன் பெயர் மரியாம்பிள்ளையைக் காணவே இல்லை. பிறகு ஃபைலில் கண்டேன்: அந்த மனிதர் அகதிப் பத்திரத்தில் தாசன், ஆஸ்பத்திரியில் தாசன், மரணப் பதிவில் தாசன். நான் 'எம்' பார்த்தேன், 'எஸ்' பார்த்தேன். 'டி' பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தாஸ் குடும்பத்தின் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த ஃபைலைக் களஞ்சியத்திலிருந்து அனுப்பும்படி எழுதினேன். வர நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளும் வேறு ஆளாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன், அவராகவே இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மெல்லிய ஃபைல். மேலே விண்ணப்பம். அதற்குக் கீழே கொப்பித்தாள் ஒன்று, நீல மையில், தமிழில் எழுதியிருந்தது. ஒன்ராறியோவில் ஒருவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்த உயில், சாட்சி இல்லாவிட்டாலும் செல்லும். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். எழுதியிருந்தது இதுதான்:

"மரியாம்பிள்ளை சூசைதாசன் ஆகிய நான் சுயபுத்தியோடு எழுதுவது. என்னிடம் உள்ளதெல்லாம் என் மனைவி பிலோமினாவுக்கும் என் மூன்று பிள்ளைகளுக்கும். தம்பி ராசன் நின்று செய்து கொடுக்கவும். என் குளிர்க்கோட்டை ராசன் எடுக்கவும், அவனுடையது கிழிந்துவிட்டது. சின்னவளுக்கு வாங்கிய சிவப்புச் சப்பாத்து அலுமாரியில் இருக்கிறது. அது இப்போது அவள் காலுக்குக் காணாது. அந்த வயதுப் பிள்ளை யாருக்கும் கொடுக்கவும். இவர்களைத் தவிர இந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ எனக்கு உறவு இல்லை."

ராசன் சொந்தத் தம்பியல்ல, அவரோடு ஒரே அறையில் இருந்தவர். அவர் கொடுத்த சத்தியக் கடதாசியும் இருந்தது. 'இது அவருடைய கையெழுத்துத்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் முன்னால் இருந்துதான் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்' என்று சொல்லியிருந்தார். மரணச் செய்தியை மனைவிக்கு மூன்று முறை எழுதினாராம். திரும்பி வந்த ஒரு கடித உறை ஃபைலில் குத்தியிருந்தது. தீவின் விலாசத்தைத் தபால் கந்தோரில் கோடு போட்டு வெட்டியிருந்தார்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாததால், அவர்களுக்குச் சேர வேண்டிய சிறு தொகை கோர்ட்டின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

அவர் செத்த வருடம் நான் இதே நகரத்தின் சென் ஜேம்ஸ் ரவுணில் புதிதாக வந்து இறங்கியிருந்தேன். ஒரே ஸ்ட்ரீட்காரில் எங்கேயாவது பக்கத்தில் நின்றிருப்போம்.

3. சுப்பவைசர் சொன்னது

என் சுப்பவைசர் டோன் ஜமேக்காவில் பிறந்தவர். பிழை விட்டவரைச் சத்தம் போடாமல் பார்ப்பார். அது சத்தத்தைவிட மோசம். ஃபைலையும் மே மாதத்துத் தேடல் போர்மையும் அவர் முன்னால் வைத்தேன். நல்ல காலம், ஃபோன் நம்பர் எழுதிய அந்தப் போர்ம்களை வருட முடிவில்தான் அழிப்போம்.

"நான் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருக்கிறது" என்றேன்.

உயிலோடு இணைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் வாசித்தார். சப்பாத்து வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொந்த விருப்பத்துக்கு ஒருவருக்கு ஃபோன் எடுக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் பிழையான பதில் கொடுத்தது இந்த ஒஃபிஸ். அதைத் திருத்துவது இந்த ஒஃபிஸின் வேலை. இப்போதே எடு. என் அறையிலிருந்து எடு."

ஜெசிந்தா வேலையில் இருந்தாள். நான் யார் என்று சொன்னேன். 'பிழை என்னுடையது' என்பதை முதலில் சொன்னேன். பிறகு, தகப்பன் இறந்துவிட்டார், முப்பது வருடத்துக்கு மேலாகிறது என்றேன். அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு முதியவர் தண்ணீர் கேட்பது கேட்டது.

"அக்கா, நீங்கள் தந்த கடதாசியை அண்டைக்கு அம்மாவுக்குக் காட்டினனான்" என்றாள். "செத்ததுக்குப் பதிவில்லையெண்டால் ஆள் உயிரோடதானே இருக்கிறார் எண்டு சொன்னா. அண்டைக்கே அப்பாவின்ர படத்தைச் சுவரில இருந்து கழட்டிப்போட்டா. நாலு மாசமா ஒரு கதையும் இல்லை. சாப்பிடுறதும் குறைவு."

அவர் தன் கையால் எழுதிய உயில் ஃபைலில் இருக்கிறது என்றேன். உயிலை வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அம்மா முதல் கேக்கட்டும். கூட்டிக்கொண்டு வாறன்."

4. அன்ரி வந்த நாள்

பிலோமினா அன்ரிக்கு எழுபத்தாறு வயது. சாம்பல் நிறக் கோட்டு, கையில் செபமாலை. பாதுகாப்பு வாசலில் செபமாலையைத் தட்டில் வைக்கச் சொன்னார்களாம், அந்தக் கோபத்தோடு வந்தார். பொதுமக்கள் ஃபைல் பார்க்கும் மேசையில் இருத்தினேன். போட்டோகொப்பி ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"உது வேண்டாம். அவர் கை வைச்ச கடதாசியைத் தா."

மூலப் பிரதியைத் திறந்து வைத்தேன். அவர் வாசிக்கத் தொடங்கவில்லை. முதலில் எழுத்தைப் பார்த்தார், விரலைத் தாளில் படாமல் மேலே ஓட்டினார்.

"அவற்ற எழுத்துத்தான். 'கொம்பு' போடேக்க எப்பவும் இப்பிடித்தான், முறுக்கி விட்டிடுவார். கோயில்ல கணக்கு எழுதேக்கையும் சாமியார் ஏசுறவர்."

பிறகு வாசித்தார். மெதுவாக, உதடு அசைய. குளிர்க்கோட்டு வந்த இடத்தில் தலையாட்டினார். சப்பாத்து வந்ததும் மகளைப் பார்த்தார். ஜெசிந்தா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கடைசி வசனத்தில் அன்ரி நின்றார்.

"பிள்ளை, இதை நீ ஒருக்கா வாசி. எனக்குக் கண் பிழையாச் சொல்லுதோ தெரியேல்லை."

வாசித்தேன். "இவர்களைத் தவிர இந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ எனக்கு உறவு இல்லை."

"இன்னொருக்கா."

வாசித்தேன்.

"இதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டதோ?"

"ஓம் அன்ரி. நீதிபதி கையெழுத்து வைச்சிருக்கிறார்."

செபமாலையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடினார். அவர் அழுதது எனக்குக் கேட்கவில்லை, தோள்தான் தெரிந்தது. ஜெசிந்தா வந்து பின்னால் நின்று தாயின் தலையில் கன்னத்தை வைத்தாள். நான் பக்கத்து மேசையில் இல்லாத வேலை ஒன்றைச் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் அன்ரி கண்ணைத் துடைத்தார்.

"நான் ஒரு கடதாசி எழுதித் தந்தால் இதுக்குள்ள வைப்பியோ?"

"ஏலாது அன்ரி. கோர்ட் ஃபைலுக்குள்ள ஆரும் விரும்பினபடி ஒண்டும் வைக்கேலாது."

சொல்லும்போதே வருத்தமாக இருந்தது. ஆனால் ஏற்கனவே ஒரு முறை இந்தக் குடும்பத்துக்குப் பிழையான பதில் சொன்னவள் நான். அதனால் நன்றாக யோசித்தேன். அந்தச் சிறு தொகையைக் கேட்டு மனைவி மனுப் போட்டால், அதற்கு அவருடைய சத்தியக் கடதாசி வேண்டும். அது இதே ஃபைலில்தான் சேரும். சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. "ஒரு லோயரிட்டக் கேளுங்கோ, கட்டாயம் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

5. எட்டாவது பந்தி

ஆறு கிழமை கழித்து இருவரும் ஒரு தமிழ் லோயர்ப் பிள்ளையோடு வந்தார்கள். அன்ரியின் சத்தியக் கடதாசியில் வழக்கமான பந்திகள்: நான் இறந்தவரின் மனைவி, விவாகரத்து நடக்கவில்லை, பிள்ளைகளின் பெயர்கள் இவை. எட்டாவது பந்தி மட்டும் நான் எங்கும் காணாதது.

"என் கணவர் இறந்ததை அறிவித்த கடிதங்கள் என் கைக்கு வரவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்த பின் அவர் எழுதியவையும் வரவில்லை. வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருப்பேன்."

லோயர்ப் பிள்ளை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த லாஸ்ட் சென்ரென்ஸ் லீகலாத் தேவையில்லை எண்டு சொன்னனான் அக்கா. அம்மா கேக்கேல்லை. அது இல்லாட்டி சைன் வைக்கமாட்டன் எண்டிட்டா."

ஆங்கிலப் பிரதியோடு தமிழ்ப் பிரதியும் இணைத்திருந்தது. அதை அன்ரியே தன் கையால் எழுதியிருந்தார்.

இந்த வேலையில் நான் படித்தது பெரிய விசயமில்லை. பெயரைத் தேடும்போது தகப்பன் பெயரில் பாருங்கள், சொந்தப் பெயரில் பாருங்கள், பெயரை நடுவில் வெட்டி இரண்டு துண்டிலும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழி என்பதால் விரைவாக முடித்துவிடாதீர்கள். கிடைக்காவிட்டால் எங்கெங்கே பார்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். 'இல்லை' என்று சொல்லாதீர்கள். கவுண்டரில் நாங்கள் சொல்லும் ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் அதோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

திகதி முத்திரையைக் குத்தி, அன்ரியின் கடதாசியைப் புருசனின் உயில் இருந்த ஃபைலில் கடைசியாகச் சேர்த்தேன். அன்ரி கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி இது எங்க போகும்?"

"களஞ்சியத்துக்கு, அன்ரி."

"ரெண்டும் ஒண்டாத்தானே?"

"ஓம் அன்ரி. ஒண்டாத்தான்."