பல்பொடிப் பாட்டுக்காரி

கரமனையில் எங்கள் தெருவில் யாரும் என்னைப் பாடகி என்று சொன்னதில்லை. 'கிளப்பில் பாடற மாமி' என்பார்கள், கிளப் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தி. அழுத்தட்டும், எனக்கென்ன. வழுதக்காட்டுப் பக்கம் ஒரு கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் மெல்லிசை நடத்தியது என் கணவர்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிது, அறுபதுகளின் கடைசி. ஒரு அக்கார்டியன், ஒரு தபலா, ஒரு கிடார், பாட நான். மைக் மட்டும் இரவல்.

நான் பாடத் தொடங்கியதும் அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். பாட்டு முடியும்வரை அசையமாட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ரெண்டாவது சரணத்துல மூச்சு பத்தலை, கேட்டயா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடிப் பார்த்தால்தானே தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கிளப் சனிக்கிழமைகள் பேர் வாங்கின. கோவில் உற்சவங்களுக்குக் கானமேளா வைக்கக் கேட்டு வந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை எடுத்துப் போர்டு மாட்டினார். எங்கள் குழு போதாமல் மற்றவர்களின் குழுக்களையும் ஏற்பாடு செய்து கொடுத்தார். நோட்டீஸ் அடிப்பது, ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டி ஊரைச் சுற்றி அறிவிப்பது எல்லாம் அவர்தான். அந்த நாட்களில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். நாகர்கோவில் பக்கத்து மனுஷர். மேடைக்குத் திரைச்சீலை தருவதாகச் சொன்னார். "பாட்டுக்கு எடையில நம்ம கட பேர ஒரு தடவ சொன்னா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? முதலில் பாட்டு முடிந்தபின் ஒரு தடவை கடைப் பெயர். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால். அப்புறம் நகைக்கடை வந்தது, ஊதுவத்தி வந்தது. அறிவிப்புக்கு நேரம் போதாமல் என் பாட்டில் ஒரு சரணத்தையே கணவர் வெட்டினார்.

"சரணத்தை வெட்டினா பாட்டு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"கேக்கறவாளுக்குப் பல்லவி போறும். அதாக்கும் விஷயம்" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. ஒரு பெயரை ஜனங்களின் நாக்கில் ஒட்டவைக்கத் தனக்குத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான். ரேடியோவில் விளம்பரம் வரத் தொடங்கியதும் போர்டில் 'மெல்லிசை' போய் 'பப்ளிசிட்டி' வந்தது. கிடார்க்காரர் வளைகுடாவுக்குப் போனார். அக்கார்டியன்காரர் சர்ச்சில் வாசிக்கப் போய்விட்டார். பெண்டாட்டி எங்கே போவாள்? ஒரு பல்பொடிக்கு நாலு வரி எழுதி, மெட்டும் போட்டு, என்னைப் பாடவைத்தார். ரேடியோவில் அதுதான், தியேட்டர் இடைவேளையில் அதுதான். குழாயடியில் குழந்தைகள் வாய் நிறைய நுரையோடு அதைப் பாடின. கிளப் மாமி, பல்பொடி மாமி ஆனேன்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு பாட்டை, ஒரு சரணமும் வெட்டாமல், ஆட்கள் முன்னால் பாட வேண்டும். அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். வருஷக்கணக்காக நச்சரித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அதே கிளப்பில் ஒரு விழா வந்தபோது, "சரி, பழையபடி ஒரு சாயங்காலம் வெக்கலாம்" என்றார். கல்யாணமான வருஷம் எனக்கென்று அவர் மெட்டமைத்த பாட்டு ஒன்று உண்டு, மூன்று சரணம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு தினமும் சாதகம் செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஹால் நிறைந்திருந்தது. இரண்டு பாட்டு பாடினேன், மரியாதையாகக் கைதட்டினார்கள். மூன்றாவதற்குச் சுருதி பிடிக்கும்போது நடுவிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சேச்சி, ஆ பல்பொடியுடெ பாட்டு ஒண்ணு" என்றான். சிரிப்பு எழுந்தது. உடனே நாலாபக்கமும் அதையே கேட்டார்கள். நான் கணவரைப் பார்த்தேன். மேடையோரத்தில் பல்பொடி முதலாளியின் பக்கத்தில் நின்றிருந்தார். பாடு என்று கண்ணைக் காட்டினார்.

பாடினேன். இரண்டாவது வரியில் ஹால் முழுக்கச் சேர்ந்துகொண்டது, கிழவர்கள்கூட. அந்தச் சனிக்கிழமைகளில் ஒருவர்கூட என்னோடு வாய் திறந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மறுபடி கேட்டார்கள், மறுபடி பாடினேன். அவரைத் திரும்பிப் பார்த்தபோது, துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தார். நான் பாடிய எந்தப் பாட்டுக்கும் அவர் அழுததில்லை. அதற்குள் செயலாளர் மேடையேறி நன்றி சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

"இன்னிக்கு நன்னா இருந்துது, இல்லியா?" என்றார் வீட்டில்.

"நன்னா இருந்துது" என்றேன்.

கடைசிக்கு என்ன வைத்திருந்தாய் என்று கேட்டால் அங்கேயே, அந்தச் சமையலறை வாசலிலேயே நின்று பாடியிருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் பாடுவேன். அவர் கேட்கவில்லை.