டயருக்குள் ஒரு கடுவன்

சென்றாயனுக்கு நாற்பது வயதுதான். பார்க்கிறவர்கள் கூசாமல் ஐம்பது என்பார்கள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டித் தகரம் போட்ட பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. லாரி டயர் கழற்றி மாட்டியே முதுகு போய்விட்டது. மனைவி அன்பரசி மஞ்சள்காமாலையில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவனுக்கென்று மிச்சம் இருப்பது ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தேவிப்பிரியா.

காலை ஐந்தரைக்கெல்லாம் முதல் லாரி வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். அவள் பாட்டுக்குத் தூங்குவாள். இவன் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துப் பின்னுவான். ரிப்பன் வாங்க வேண்டும் என்று தினமும் நினைப்பான், தினமும் மறப்பான். பழைய சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக வெட்டிக் கட்டிவிடுவான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘டியூப் தேவி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அதற்குச் சிரிப்பாள். இவனுக்குத்தான் சிரிப்பு வராது.

அன்பரசியின் அக்கா பானுமதி ஏரியூரில் இருக்கிறாள். நல்லவள். அதுதான் தொந்தரவே. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. ரோட்டு மேல கடை. கண்டவனும் வந்து போற எடம். ஒத்த ஆம்பளையால பொட்டப் புள்ளைய எப்படிங்க வளக்க முடியும்? அரையாண்டு லீவு வுட்டதும் நான் கூட்டிட்டுப் போறேன். அங்கியே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்.”

“சரிங்க அண்ணி,” என்றான் சென்றாயன். அலுத்துப்போன மனுசன் சொல்கிற சரிக்கு, ‘இதற்கு மேல் பேசத் தெம்பில்லை’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அதைப் பானுமதியிடம் யார் போய்ச் சொல்வது?

கடையோரம் கழித்துப்போட்ட லாரி டயர்கள் கிடந்தன. அதில் ஒன்றுக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பால் நக்கப் பழகிய சமயத்தில் தாய்ப்பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்தது. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால், டயருக்குள் காது கிழிந்த சாம்பல் நிறக் கடுவன் ஒன்று படுத்திருக்கிறது.

பக்கத்து டீக்கடை ராஜாமணிதான் முதலில் அலறினார். “அய்யய்யோ, கடுவன்டா! குட்டிங்கள ஒண்ணு பாக்கி வெக்காது. சாக்குல போட்டுத் தூரமா அனுப்பிச்சுடு.”

கடுவன், அதாவது ஆண் பூனை, குட்டியைத் தின்னும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. சென்றாயன் யோசிக்கவே இல்லை. கை கிழிபடச் சாக்கில் அமுக்கிக் கட்டி, பாலக்கோட்டுக்குத் தக்காளி டெம்போ ஓட்டும் சவுரியப்பனிடம் கொடுத்து, மார்க்கெட்டில் அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டான். ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தான்.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த தேவிப்பிரியா நேராக டயருக்குத்தான் போனாள்.

“அந்தப் பெரிய பூனை எங்கப்பா?”

“அது கெட்டதும்மா. குட்டியத் தின்னுப்புடும்.”

“இல்லப்பா, அது நக்கித்தான் வுடும். முந்தாநேத்து எலி புடிச்சாந்து போட்டுச்சு. குளுருனா சுத்திப் படுத்துக்கும். நான் தெனமும் பாக்கறனே.”

அவள் தினமும் பார்த்திருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மார்கழிக் குளிர். டயருக்குள் சாக்கு மடித்துப் போட்டான், தட்டில் பால் வைத்தான். விடிந்து பார்த்தபோது ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் கத்தக்கூடத் தெம்பில்லாமல் நடுங்கின. மகள் எழுவதற்குள் செத்த குட்டியைக் குழி தோண்டிப் புதைத்தான். பிறகு அந்த டயர்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடப்பாவி, நான் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பூனை என்ன செய்தது என்று பார்க்காமல், அது கடுவன் என்பதை மட்டும் பார்த்துவிட்டான். அவனையும் இந்த ஊர் அப்படித்தான் பார்க்கிறது. தலையாட்டிக்கொண்டு அவனும் அதை நம்பிவிட்டான்.

மகள் பள்ளிக்குப் போனதும் குட்டிகளை ராஜாமணியின் அடுப்போரம் விட்டுவிட்டு, கடையைச் சாத்திப் பஸ் ஏறினான். பாலக்கோடு மார்க்கெட்டில் நசுங்கிய தக்காளிச் சேற்றில் மூன்று மணி நேரம் அலைந்தான். கடைசியில் பெட்டி அடுக்குக்குப் பின்னால் அந்தக் கிழிந்த காது தெரிந்தது. மறுபடி கையைக் கிழித்துக்கொண்டு மறுபடி ஒரு சாக்கு.

“சாக்குல என்னாங்க கத்துது?” என்றார் கண்டக்டர்.

“குட்டிங்களோட அப்பனுங்க.”

கடைக்கு வந்து குட்டிகளை மறுபடி டயருக்குள் விட்டான். சாக்கை அவிழ்த்துவிட்டதும் ஓடி ஒளிந்த கடுவன், சாயங்காலம் குட்டிகளின் சத்தம் கேட்டுத் தானாகவே டயருக்குள் இறங்கியது.

லீவு விட்ட அன்று மத்தியானம் பானுமதி வந்துவிட்டாள். தேவிப்பிரியாவின் துணிமணிகள் கட்டைப்பையில் தயாராக இருந்தன. அடுக்கி வைத்தவன் அவன்தான். பானுமதி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள், டயருக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ, கடுவனுங்க தம்பி! தொரத்துங்க, கடிச்சுப் போட்டுரும்!” என்று விளக்குமாற்றை எடுத்தாள்.

வாழ்நாளெல்லாம் தலையாட்டியவன் குறுக்கே போய் நின்றான்.

“கடுவன்தானுங்க அண்ணி. இருக்கட்டும்.”

“என்னாங்க சொல்றீங்க?”

“அதுதான் குட்டிங்களப் பாத்துக்குது.” அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். “புள்ளையும் இங்கியே இருக்கட்டுங்க.”

பானுமதி விளக்குமாற்றோடு குனிந்தாள். டயருக்குள் கடுவன் ஒரு குட்டியை முன்காலால் அமுக்கிக் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி திமிறியது; அது விடுவதாக இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தேவிப்பிரியாவை இழுத்து முன்னால் நிறுத்தி, சடையிலிருந்த டியூப் வளையத்தைப் பதமாகக் கழற்றினாள். அதோடு நாலைந்து முடியும் வந்தது.

“முடியெல்லாம் புடுங்குது பாருங்க,” என்றாள். கண் கலங்கியிருந்தது. “ரிப்பன் வாங்கிக் கட்டுங்க தம்பி.”

“சரிங்க அண்ணி,” என்றான் சென்றாயன். இந்தத் தடவை அவன் சொன்ன சரிக்குச் சரி என்றுதான் அர்த்தம்.