ஒரு ‘வா’ அதிகம்

வெண்பாவின் கடைசி அடியில் மூன்று சீர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. இன்று மின்சார ரயிலில் யாரோ “தாம்பரம், தாம்பரம்” என்றதும், அந்த விதியை அப்பா மீறியது நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் நான் ஒன்பதாம் வகுப்பு. சண்டை போட்டு இரண்டு வருஷமாகப் பேசாத சித்தப்பாவைப் பொங்கலுக்கு அழைத்து, அப்பா ஒரு கார்டில் வெண்பா எழுதினார். ‘வந்துவிடு தாம்பரம் வா வா’ என்று முடித்திருந்தார். நான் விரல்விட்டு எண்ணினேன்.

“நாலு சீர் வருதுப்பா. ஒரு ‘வா’வை அடிச்சிடலாம்.”

“ஒரு தடவை கூப்பிட்டா அவன் வரமாட்டான், ஆபீசர் சார்” என்று என்னைக் கேலியாகச் சொல்லி, திருத்தாமலே தபாலில் போட்டார்.

இப்படியொரு விதி எந்த இலக்கணத்திலும் இல்லை என்று மார்கழி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ‘வரேன் வரேன்’ என்று இரண்டு முறை எழுதிய சித்தப்பாவின் பதில், போகிக்கு முதல் நாள் வந்தது.